காப்பகம் கட்டுவதற்கு முன்: பெற்றோரை இழந்த உகாண்டாக் குழந்தைகளுக்கு உதவும் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உகாண்டாவின் தெற்கில், விக்டோரியா ஏரியை ஒட்டி, அன்றைய ராக்காய் மாவட்டத்தில் (இன்று கியோடெரா மாவட்டம்) கசென்செரோ என்ற மீனவச் சிற்றூர் இருக்கிறது. அந்நாட்டில் எய்ட்ஸ் முதன்முதலில் கவனத்துக்கு வந்தது அங்கேதான், 1982இல். நோயாளிகள் எலும்பும் தோலுமாக இளைத்ததால் ஊரார் அதை ‘ஸ்லிம்’ என்றார்கள். பின்வந்த ஆண்டுகளில் ராக்காயிலும் அண்டையிலுள்ள மசாக்காவிலும் இளம் தாய் தந்தையர் பலர் மடிந்தபோது, குழந்தைகளுக்குத் துணை நின்றவர்களில் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் தேவாலயப் பங்குகளும் மிஷன் மருத்துவமனைகளும் முன்வரிசையில் இருந்தன. இவ்வளவு அனுபவம் அங்கே குவிந்திருந்தும், வெளிநாட்டிலிருந்து புதிதாக உதவ வரும் கிறிஸ்தவச் சபைகள் பழைய பிழைகளையே திரும்பச் செய்கின்றன.

அவற்றுள் முதலாவது, எண்ணிக்கையைத் தவறாகப் படிப்பது. 18 வயது நிறைவதற்குள் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்தவரையும் யுனிசெஃப் ஆதரவற்ற குழந்தைகளின் கணக்கில் சேர்க்கிறது. ஆகவே ‘ஆதரவற்றோர்’ என்று அச்சிடப்படும் பெரிய எண்ணுக்குள் அடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார். இருவரையும் இழந்தவர்களிலும் பலர் ‘ஜாஜா’ என்று அழைக்கப்படும் பாட்டியின் வீட்டிலோ, சித்தப்பா, அத்தை வீட்டிலோதான் வளர்கிறார்கள். இப்பகுதியில் வாழும் பகாண்டா இன மக்களிடையே பிள்ளை தந்தையின் குலத்துக்கு உரியது. பெயர், குலச்சின்னம், வாரிசுரிமை எல்லாம் அந்த வழியாகவே வருகின்றன. காணிக்கை திரட்டும் துண்டறிக்கையில் ‘யாருமே இல்லாதவர்கள்’ என்று எழுதுபவர், அந்தப் பாட்டியை ஒரே வரியில் அழித்துவிடுகிறார்.

இந்தத் தப்புக்கணக்கிலிருந்தே மிகப் பெரிய பிழை பிறக்கிறது: காப்பகம் கட்டுவது. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழாவைப் படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பலாம். பாட்டியின் வீட்டுக்கு மாதாமாதம் போய்வரும் பணிக்கு இந்தக் கவர்ச்சி எதுவும் கிடையாது. ஆனால் கட்டில்களைப் போட்டுவிட்டால் அவற்றை நிரப்பியாக வேண்டும். மூன்று வேளைச் சோறும் பள்ளிக் கட்டணமும் அங்கே கிடைக்கும் என்று தெரிந்ததும், வறுமையில் இருக்கும் தாயே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாள். சில இடங்களில் ஆள்பிடிப்போர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஒரு குழந்தையைக் காப்பகத்தில் வளர்க்க ஆகும் செலவு, அதே குழந்தையை உறவினர் வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆகும் செலவைப்போலப் பல மடங்கு. பணத்தைவிடப் பெரிய இழப்பு 18 வயதில் தெரியும்: நிலமோ, குலத்தாரின் பழக்கமோ, அறுவடைக்கோ சாவுக்கோ அழைக்கும் உறவோ இல்லாமல் அந்த இளைஞர் வெளியே வருகிறார். ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் குடும்பச் சூழலையே முதலில் வைக்கின்றன. அண்டை நாடான ருவாண்டாவோ, 1994 இனப்படுகொலைக்குப் பின் பெருகிய காப்பகங்களிலிருந்து குழந்தைகளைக் குடும்பங்களுக்கு மாற்றும் தேசியத் திட்டத்தை 2012இல் வகுத்தது.

வீட்டுக்கே உதவி போகட்டும் என்று முடிவு செய்த சபைகளும் இன்னொரு குழியில் விழுகின்றன. பாட்டியின் வீட்டில் பெற்றோரை இழந்த இருவருக்கு மட்டும் காலணியும் சீருடையும் கொடுத்துவிட்டு, அதே பாயில் படுக்கும் அத்தை மகனை வெறுங்காலோடு விட்டால், அந்த வீட்டில் பகை முளைக்கும். ‘எய்ட்ஸ் அனாதை’ என்ற அடையாளமும் பள்ளி வரை பின்தொடரும். ஜிம்பாப்வேயின் முத்தாரேயில் 1993இல் தொடங்கிய ‘ஃபோக்கஸ்’ திட்டம் இதற்கு நல்ல பாடம். அதில் உள்ளூர்ச் சபைப் பெண்களே தொண்டர்களாக இருந்து, தத்தம் ஊரில் மிகவும் நலிந்த வீடுகளைத் தாங்களே கண்டறிந்து முறையாகப் போய்ப் பார்த்துவந்தார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வெளியூர் அலுவலரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

பள்ளிக் கட்டணத்தோடு கடமை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. உகாண்டாவில் 1997 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் நீக்கப்பட்டது என்றாலும் நோட்டு, சீருடை, மதிய உணவு என்று செலவு தொடர்கிறது. பள்ளியை விட்டு நின்ற பதின்வயதினரின் நிலை இன்னும் கடினம். பயிர் வைக்கக் கற்றுத்தர வேண்டிய பெற்றோரே போய்விட்டார்கள். மசாக்காவின் கிடோவு மிஷன் மருத்துவமனையிலிருந்து 1987இல் கிளம்பிய நடமாடும் எய்ட்ஸ் சேவை, பிற்பாடு இவர்களுக்காக உழவுப் பள்ளிகளை நடத்தியது இதனால்தான்.

நன்கொடையாளர் கண்ணில் படாத இன்னொன்று நிலம். தகப்பன் இறந்ததும் உறவினர் சிலர் வாழைத்தோட்டத்தைத் தமதாக்கிக்கொண்டு விதவையையும் பிள்ளைகளையும் துரத்திய கதை அங்கே அடிக்கடி கேட்பது. உயில் எழுத உதவுவதும், பிறப்புப் பதிவைச் சரிசெய்வதும், ஊர்மன்றத் தலைவர் முன்னிலையில் எல்லையைக் குறித்துவைப்பதும் போர்வை வழங்குவதைவிட அதிகம் பயன்தரும். எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த உகாண்டாத் தாய்மார்கள், குடும்ப வரலாற்றையும் உறவினர் பெயர்களையும் தம் பிள்ளைகளுக்காக ‘நினைவு ஏடு’களில் எழுதிவைத்தார்கள், பிள்ளை எந்த வேரைச் சேர்ந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. உயிரோடிருக்கும் தாய்க்கு மருந்து தவறாமல் கிடைக்கப் பேருந்துக் காசு கொடுப்பதும், என் பார்வையில், இதே பணிதான்.

இரண்டு வாரச் சுற்றுலாவில் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு மறையும் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருவோரின் பின்னணியை விசாரிக்காமல் குழந்தைகளோடு தனியே விடுவது சட்டப்படியும் ஆபத்து. தத்தெடுப்பிலும் குறுக்குவழி கூடாது: உகாண்டாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், பாதுகாவலர் உரிமை பெற்றுப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் வழியை இறுக்கிவிட்டது.

ஏற்கெனவே காப்பகம் கட்டிவிட்ட சபை, அதை ஒரே நாளில் பூட்டுவதும் இன்னொரு தவறாகவே முடியும். மாவட்ட நன்னடத்தை மற்றும் சமூகநல அலுவலரோடு சேர்ந்து ஒவ்வொரு குழந்தையின் உறவினரையும் தேடிப் பிடித்து, வீடு திரும்பிய பின்னும் பல மாதம் போய்ப் பார்க்க வேண்டும். கட்டடத்தைப் பகல்நேரக் குழந்தைகள் மையமாகவோ தொழிற்பயிற்சிக் கூடமாகவோ மாற்றலாம். மாற்றத்தின்போது செலவு சில காலம் கூடும் என்பதால், நன்கொடையைக் குறைக்காமல் தொடரும்படி கொடுப்போரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.