சிகா மானைக் கூப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சிகா மான்கள் இணைசேரும் இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மான் குரல் எழுப்புகிற அந்த ஊதலைக் கொஞ்ச நேரம் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். நாம் குரல் கொடுத்தால் ஆண் மான் மறுகுரல் கொடுத்துக்கொண்டே நேராக வந்து வெட்டவெளியில் நிற்கும் என்ற நம்பிக்கையோடு நிறையப் பேர் போகிறார்கள். எப்போதாவது அப்படி நடக்கவும் செய்கிறது, அந்த எப்போதாவதைத்தான் வீடியோவாகப் போடுகிறார்கள். மற்ற நாட்களில் அந்த மான் சத்தமே போடாமல் வந்து, உங்களைச் சுற்றிப் பின்பக்கம் போய், காற்றில் உங்கள் வாடையைப் பிடித்துவிட்டு வந்த வழியே நழுவிவிடும். அது வந்ததே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுப்பும் குரல் மான் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்கிறது, சரி, ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மானுக்கும் சொல்லிவிடுகிறது. காதும் மூக்கும் யாருக்குக் கூர்மை என்று யோசித்துப் பார்த்தால் இந்தப் பேரத்தில் யாருக்கு லாபம் என்பது புரியும்.

அடுத்தது காலண்டர். சிகாவின் பூர்வீகம் ஜப்பான், சீனா, தைவான், ரஷ்யாவின் தூரக் கிழக்கு. அங்கிருந்து மனிதர்கள் கொண்டுபோய்ப் பல நாடுகளில் விட்டார்கள்: 1860இல் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட், 1893இல் ஸ்காட்லாந்தின் கரடேல், 1905இல் நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதி, 1916இல் அமெரிக்காவில் மேரிலாந்தின் ஜேம்ஸ் தீவு. வடக்கு அரைக்கோளத்தில் இந்தப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை இழுக்கும். நியூசிலாந்தில் இலையுதிர் காலமே மார்ச் முதல் மே வரை என்பதால் அங்கே ஏப்ரல்தான் சூடு பிடிக்கும் மாதம். அங்கேயே சிவப்பு மானும் இருக்கிறது, அது சிகாவைவிடக் கொஞ்சம் முந்திக் கத்த ஆரம்பிக்கும். அதன் கணக்கை வைத்து விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறவர்கள், சிகா முழுமூச்சாகக் குரல் கொடுக்கத் தொடங்கும்போது வீடு திரும்பியிருப்பார்கள். உச்சம் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் தவறுதான். முதல் முறை சினைப்பிடிக்காத பெண் மான்கள் ஏறக்குறைய 3 வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வரும், அப்போது ஓய்ந்துபோன காடு திடீரென்று மறுபடி பேசத் தொடங்கும்.

சிவப்பு மான் பழக்கத்தோடு வருகிறவர்கள் இன்னொரு இடத்திலும் சறுக்குகிறார்கள். சிவப்பு மான் கரகரத்த குரலில் விடாமல் உறுமும், அதன் உறுமலைப் பிடித்துக்கொண்டே நாமும் முன்னேறலாம். சிகா அப்படி இல்லை. அதன் குரல் விசில் போலத் தொடங்கி, உச்சத்துக்கு ஏறி அலறலாகி, சரிந்து முனகலில் முடியும். மூன்று நான்கு முறை அடுத்தடுத்துக் கத்திவிட்டுப் பத்து இருபது நிமிடம் வாயே திறக்காது. முதல் முறை கேட்பவர்கள் இது மான்தானா என்றே சந்தேகப்படுவார்கள். இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் ஆட்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஊதித் தள்ளுகிறார்கள். எந்த ஆண் மானும் அப்படிக் கத்தாது. அந்தக் காட்டில் வாழ்கிற மானுக்கு அது தெரியும். ஏற்கெனவே வேட்டைக்காரர்கள் வந்துபோகிற காடாக இருந்தால், அளவுக்கு மீறிய ஊதல் சத்தம் என்றாலே ஆள் என்று அது கற்றும் வைத்திருக்கும்.

குரல்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. நியூசிலாந்து வேட்டைக்காரர்கள் 'ஹீ-ஹா' என்று சொல்வது, இது என் இடம், நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவிக்கிற குரல். அதற்குப் பதில் கிடைத்தால் மான் இருக்கும் திசை தெரியும், ஆனால் அது தன் இடத்தை விட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. 'ஒற்றைக் குரல்' என்று அவர்கள் சொல்வது வேறு, ஒரே ஒரு நீண்ட குரல், பெண் மான்களைத் தேடியோ கூட வைத்துக்கொண்டோ இருக்கிற ஆண் கொடுப்பது. இன்னொரு ஆண் மான் பக்கத்திலேயே பெண் மான்களோடு நிற்கிறது என்ற எண்ணத்தை இது கிளப்புவதால், கிட்ட வந்து பார்க்கத் தூண்டுவது பெரும்பாலும் இதுதான். தூரத்தில் இருக்கும்போது முதல் குரலால் இடத்தைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் நெருங்கி, நெருங்கிய பிறகு இரண்டாவதை ஒரே ஒரு முறை கொடுப்பது நல்ல வரிசை. ஊதலில் எது வருகிறதோ அதையே எல்லா இடத்திலும் ஊதுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்: நூறு மீட்டரில் நிற்கும் மானிடம் போய் எல்லைச் சண்டைக் குரலைக் காட்டுவார்கள்.

அப்புறம் இந்த 'பெரிய குரல்' ஆசை. எவ்வளவு பெரிய மான் மாதிரிக் கத்துகிறோமோ அவ்வளவு பெரிய மான் வரும் என்று ஒரு நினைப்பு. இளம் ஆண் மான்களும் நடுத்தர மான்களும் அடி வாங்க வருவதில்லை, மிரட்டும் குரலைக் கேட்டால் ஒதுங்கிவிடும். கொஞ்சம் மெலிந்த, இன்னும் தேறாத குரல் என்றால் சின்னதும் வரும், பெரியதும் விரட்டியடிக்க வரும். என்னைக் கேட்டால் ஊதலின் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எப்போது வாயை மூடிக்கொள்வது என்று தெரிந்தவர் கையில் சுமாரான ஊதலே போதும். மின்னணுக் கருவியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது சில இடங்களில் சட்டப்படி தடை, வாங்குவதற்கு முன்னால் நீங்கள் போகிற இடத்தின் விதியைப் பாருங்கள்.

இனி உண்மையிலேயே மான் கைநழுவுகிற இடத்துக்கு வருவோம். ஆட்கள் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று ஊதத் தோன்றி, நின்ற இடத்தில் ஊதிவிடுகிறார்கள். நிற்கிற இடம் வெட்டவெளியா, காற்று எந்தப் பக்கம் போகிறது, துப்பாக்கி தோளில் தொங்குகிறதா, எதையும் பார்ப்பதில்லை. மான் எண்பது மீட்டருக்குள் படுத்திருக்கலாம், ஊதின மறு நிமிடமே வந்து நிற்கலாம். ஆகவே ஊதுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்: முதுகுக்குப் பின்னால் மரமோ புதரோ இருக்க வேண்டும், உடம்பின் உருவரை தெரியக்கூடாது, துப்பாக்கி கைக்கு வந்து, அதை ஊன்றிச் சுட ஒரு தாங்கலும் தயாராக இருக்க வேண்டும், சுடக்கூடிய இடைவெளிகள் எவை என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். முக்கியமாக, காற்று உங்களைக் கடந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருக்க வேண்டும். குரல் கேட்ட பக்கத்தையே எல்லோரும் முறைத்துக்கொண்டிருப்பார்கள். சிகாவோ வளைந்து போய்க் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வந்துதான் சோதிக்கும். அந்தப் பக்கம் மான் கடக்கத் தயங்குகிற ஆழமான ஓடையோ செங்குத்துச் சரிவோ இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அல்லது திறந்த புல்வெளி இருந்தால், வாடை எட்டுவதற்கு முன்னால் அது கண்ணில் படும்.

பிறகு காத்திருப்பது. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று எழுந்து தூசி தட்டும்போதுதான் மானின் கூர்மையான எச்சரிக்கை விசில் முப்பது மீட்டரில் கேட்கும். குறைந்தது 20 நிமிடம், நம்பிக்கையான இடமென்றால் அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். பதில் குரல் வந்து பிறகு நின்றுபோனால் அது போய்விட்டது என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். நடந்து வரும்போது பெரும்பாலும் அது கத்தாது. கத்துவதை நிறுத்தியதே புறப்பட்டதால் இருக்கலாம்.

காற்றைப் பற்றிப் பேசும்போது, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பார்த்த திசையையே நாள் முழுக்க நம்புவது மலைக்காட்டில் செல்லாது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் சரிவு வழியாகக் கீழே இறங்கும், வெயில் பட்டுச் சரிவு சூடானதும் மேலே ஏறத் தொடங்கும், சாயங்காலம் மறுபடி இறங்கும். ஆகவே விடிகாலையில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கிப் பதுங்கிப் போனது சரியாக இருக்கும், அதே பாதை முற்பகலில் உங்கள் வாடையை முகடு வரை தூக்கிக்கொண்டு போகும். காற்றுத் திரும்புகிற அந்த இடைநேரம்தான் மோசம், எந்தப் பக்கம் என்று தீர்மானமே இல்லாமல் சுழலும். அந்த அரை மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள், கெடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியில் முகப்பவுடரைப் போட்டு வைத்து அழுத்தினால் கன்னத்தில் உணர முடியாத காற்றும் தெரிந்துவிடும். விலையுயர்ந்த எந்த உடையைவிடவும் அது அதிக மான்களைக் காட்டும்.

பதுங்கிப் போவதில் வேகத்தைத் தவிர வேறு தவறு இல்லை என்றே சொல்லிவிடலாம். சிகா உடனே ஓடிவிடாது, அடர்ந்த புதருக்குள் அப்படியே படுத்திருந்து உங்களைக் கடந்துபோக விட்டுவிடும். நீங்கள் ஒரு சீரான நடையில் போனால் அதற்கு வசதி. இரண்டு மூன்று அடி, நின்று பார்வை, பைனாகுலரால் மரங்களுக்கு நடுவே உள்ள இருட்டைத் துழாவுவது, மறுபடி இரண்டு அடி. முழு மானைத் தேடினால் எதுவும் தெரியாது. காதின் அசைவு, காட்டில் இருக்க நியாயமில்லாத ஒரு கிடைக்கோடு, பின்னங்காலில் உள்ள அந்த வெள்ளைத் திட்டு, இப்படித் துண்டு துண்டாகத்தான் கண்ணில் படும். ஆண் மானையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பெண் மான்களை மறப்பது அடிக்கடி நடக்கிறது. காதல் மயக்கத்தில் இருப்பது ஆண்தான், பெண் மான்கள் வழக்கம்போலக் காவல் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஒன்று காலைத் தட்டி, பின்புறத்து வெள்ளை ரோமத்தைச் சிலிர்த்து விசிலடித்தால் அசையாமல் நில்லுங்கள். அசைவை மட்டும் பார்த்திருந்தால் சில நேரம் அது அமைதியாகி மறுபடி மேயும். வாடை பட்டிருந்தால் நின்றும் பயனில்லை.

கொம்பால் கீறப்பட்ட மரத்தண்டு, குலைந்து கிடக்கும் செடி, கால் பறித்த குழி, மான் புரண்டு புதுச் சேறு கலங்கிய குட்டை, காரமான ஒரு வீச்சம், இவையெல்லாம் நல்ல அடையாளங்கள். ஆனால் பக்கத்தில் போய்க் குனிந்து தொட்டுப் பார்த்துப் படம் எடுத்தால் உங்கள் வாடையை அங்கே விட்டுவிட்டு வருகிறீர்கள். தள்ளி நின்றே பார்க்கலாம். அப்புறம், காலை ஒன்பது மணிக்கே கூடாரத்துக்குத் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். இந்தப் பருவத்தில் ஆண் மான் பகல் நடுவிலும் எழுந்து சுற்றும்.

இப்போது சொல்வதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நீங்கள் கேட்ட மறுகுரல் இன்னொரு மனிதர் ஊதியதாக இருக்கலாம். அவரும் உங்களை மான் என்று நினைத்துத்தான் பதுங்கி வந்துகொண்டிருப்பார். புதர் அசைகிறது, பழுப்பாக ஏதோ தெரிகிறது, குரல் வேறு கேட்டது, மனம் மீதி மானை வரைந்து முடித்துவிடும். நியூசிலாந்தில் இப்படி மானென்று நினைத்து மனிதரைச் சுட்ட துயரங்கள் நடந்திருக்கின்றன, பெரும்பாலும் சுடப்பட்டவர் சுட்டவரின் சொந்தக் குழுவைச் சேர்ந்தவரே. தலை, கழுத்து, உடம்பு எல்லாம் தெளிவாகத் தெரிந்து, இது மான், இது ஆண், இதன் பின்னால் வேறு யாரும் இல்லை என்று நிச்சயமாகும் வரை விரல் டிரிகருக்குப் போகக்கூடாது. என்ன அசைகிறது என்று பார்க்கத் துப்பாக்கி மேல் உள்ள ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள், அப்படிச் செய்தால் அங்கே இருப்பது ஆளாக இருந்தாலும் துப்பாக்கி அவரை நோக்கித்தான் இருக்கும். அதற்குத்தான் பைனாகுலர். பளிச்சென்ற ஆரஞ்சு உடை போட்டால் மான் பார்த்துவிடும் என்று தயங்க வேண்டாம், மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோல் பளிச்சிடாது. நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும், ஆகவே ஜீன்ஸை விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு பேர் சேர்ந்து போனால் ஊதுபவர் பின்னாலும் சுடுபவர் முன்னாலும் இருப்பது வழக்கம், ஆனால் உட்கார்ந்த பிறகு யாரும் சொல்லாமல் இடம் மாறக்கூடாது. துப்பாக்கி உரிமமும் அந்த நிலத்துக்கான அனுமதிச் சீட்டும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் வேட்டை, விளக்கடித்துச் சுடக்கூடாது. மற்ற நாடுகளில் விதி வேறு.

சுடுவதில் பொதுவான தவறு கழுத்தைக் குறிவைப்பது. இந்தப் பருவத்தில் ஆண் மானின் கழுத்து வீங்கிப் பிடரி ரோமம் அடர்ந்து பெரிதாகத் தெரியும், ஆனால் உள்ளே முதுகெலும்பு இருக்கும் இடம் அதே அளவுதான். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பில் சுடுங்கள். சிகா உயிர்ப்பிடிப்பு அதிகமுள்ள விலங்கு, சரியான இடத்தில் பட்டும் ஒன்றும் ஆகாததுபோல் ஓடி மறையும். தவறவிட்டோம் என்று முடிவுகட்டாமல் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, அது நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனதில் குறித்து, கால் மணி நேரம் காத்திருந்து, அந்த இடத்தில் ரத்தமும் ரோமமும் இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள். ஓடிப் பின்தொடர்ந்தால் காயப்பட்ட மான் படுக்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

கிடைத்த பிறகு படம் எடுப்பதிலேயே ஒரு மணி நேரத்தைப் போக்காதீர்கள். குடலை உடனே எடுத்து, உடம்புச் சூடு வெளியேற விட்டு, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். சேற்றிலும் சிறுநீரிலும் புரண்ட தோலைத் தொட்ட கையோடும் கத்தியோடும் இறைச்சியைத் தொட்டால் அந்த வீச்சம் இறைச்சியில் ஏறிவிடும், இந்தப் பருவத்து ஆண் மான் சாப்பிட லாயக்கில்லை என்ற பெயருக்குப் பாதிக் காரணம் அதுதான். தோல் உரித்த கத்தியைக் கழுவுங்கள் அல்லது இறைச்சிக்கென்று வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.