பேசுபவரிடம் மனத்தை வைப்பது எப்படி?

சென்ற ஆண்டு ஒரு காலை, சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கியில் 12ஆம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் மாடியில் ஏறிய பெரியவர், "ஆண்ட்டிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம் தம்பி" என்றார். வாட்ஸ்அப்பில் அலுவலகச் செய்தி ஒன்றுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்த நான், தலை நிமிராமலே, "அப்படியா, நல்லது அங்கிள்" என்றேன். அவர் இறங்கிக் கீழ்த்தளத்தைக் கடந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

இத்தகைய தவறுக்குத் திறன்பேசியை மட்டும் பழிப்பது நியாயமில்லை. ஜப்பானியம், கொரியன், டேனிஷ், லாவோ உள்ளிட்ட 10 மொழிகளில் மக்கள் கேள்விக்கு எவ்வளவு விரைவாகப் பதில் சொல்கிறார்கள் என்பதை அளந்த ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டு வெளியானது. ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையிலான நேரம், சராசரியாக ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால், ஒரு சொல்லைத் தேடியெடுத்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்றுதான் பொருள். இந்தப் பழக்கத்தை அடியோடு விட முடியாது; சற்றுத் தாமதப்படுத்த முடியும்.

அதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிது. எதிரில் இருப்பவர் பேசி முடித்ததாகத் தோன்றியதும், ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுப் பிறகு வாயைத் திறக்கிறேன். முதல் சில நாள்கள் அந்த இடைவெளி சங்கடமாக இருக்கும். ஆனால், பலர் உண்மையில் சொல்ல வந்ததை அந்த இடைவெளியில்தான் சொல்கிறார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த இடம் அவர்களுக்குப் பாதி வழிதான். அப்போதும் அவர் மௌனமாக இருந்தால், அவருடைய சொல்லையே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுங்கள். "சேர்த்திருக்கீங்களா, எப்ப அங்கிள்?" என்று நான் கேட்டிருந்தால் அன்று போதுமானதாக இருந்திருக்கும்.

நம்மவர்களுக்கு இதைவிடக் கடினமானது, வைத்தியம் சொல்லாமல் இருப்பது. தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் "முட்டி வலி தாங்க முடியல" என்று சொல்லி முடிப்பதற்குள், பிரண்டைத் துவையலின் பக்குவமும், எங்கோ இருக்கும் சீன மருத்துவரின் முகவரியும், "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்று தொடங்கும் முழுக்கதையும் அவர்மேல் வந்து விழும். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான், நானும் சொல்கிறவன்தான். ஆனால், அந்த நொடியிலிருந்து பேச்சு அவர் முட்டியை விட்டுவிட்டு நம் வீட்டுக் கதைக்குப் போய்விடுகிறது. அவர் யோசனை கேட்கும்வரை யோசனையை உங்களிடமே வைத்திருங்கள். எப்போது வலிக்கிறது, படியேறும்போதா, உட்கார்ந்து எழும்போதா என்று மட்டும் கேளுங்கள்.

மேசையில் திறன்பேசியைக் கவிழ்த்து வைப்பதை நான் நம்புவதில்லை. அது அதிரும்போது கண் தானாக அங்கே போகும், எதிரில் இருப்பவரும் அதைக் கவனிப்பார். பைக்குள் போட்டுவிடுங்கள். முக்கியமான அழைப்பை எதிர்பார்த்தால், "டாக்டர் கூப்பிடுவார், அதை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு தேவையில்லை, ஒரு பார்வை போதும். உணவங்காடியில் பணம் செலுத்துவதற்கான பேநவ் குறியீட்டைப் படம் பிடித்து, பணம் போனதைக் கடைக்காரருக்குக் காட்டி, தட்டை எடுத்து நகரும்வரை நம் கண் திரையை விட்டு அகலாமலே எல்லாம் முடிந்துவிடுகிறது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற விதி 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் கண்டிப்பாக நடப்புக்கு வந்தது. அதனால், தட்டு வைக்கும் இடத்தில் நிற்கும் துப்புரவாளரைச் சாப்பிட்டவர் ஒவ்வொருவரும் கடந்துதான் போகிறோம். அந்தத் துப்புரவாளர்களில் பலர் முதியவர்கள். தட்டை வைக்கும்போது முகத்தைப் பார்த்துத் தலையசைக்க இரண்டு விநாடி கூட ஆகாது.

நேரமே இல்லாதபோது கேட்பதுபோல் நடிக்க வேண்டாம். "இப்ப அவசரமா ஓடுறேன் அங்கிள், சாயங்காலம் வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது மரியாதைக் குறைவாகாது, மாலையில் உண்மையாகவே போகும்வரை.

தவறவிட்டதையும் சரிசெய்யலாம். அன்று மாலை கீழ்த்தளத்துக் கல்மேசை அருகே அந்தப் பெரியவரைத் தேடிப்போய், "காலையில நீங்க சொன்னத நான் கேக்கவே இல்ல அங்கிள், மன்னிச்சிருங்க" என்றேன். "தெரியும் தம்பி, நீ போன்ல இருந்த" என்றவர், பக்கத்து முக்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அதில் உட்கார்ந்தேன்.