உங்க கையை வச்சே கை அனாட்டமி: ஒரு பால்பாயிண்ட் பேனா போதும்

பிசியோதெரபி, நர்சிங், எம்.பி.பி.எஸ்னு எதுல சேர்ந்தாலும் மணிக்கட்டுல இருக்கிற எட்டு எலும்போட பேரையும் வரிசையா ஒப்பிக்க வச்சிடறாங்க, பசங்களும் ஒப்பிச்சிடறாங்க, ஆனா "உன் கையில ஸ்கேஃபாய்டு எங்க இருக்குன்னு தொட்டு காமி"ன்னு கேட்டா பாதி பேரு முழிக்கிறாங்க. நாளைக்கு பேஷண்ட் வந்து கையை நீட்டும்போது பேர் தெரிஞ்சு ஒண்ணும் ஆகாது, விரல் சரியான இடத்துக்கு போகணும். அதனால இங்க எல்லாமே தொட்டு, அழுத்தி, பேனாவால குறிச்சு கத்துக்கிற மாதிரிதான் எழுதியிருக்கேன். படம் வரையறவங்களுக்கும் உதவும்.

வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் கழட்டிடுங்க. நல்ல வெளிச்சத்துல டேபிள் முன்னாடி உக்காருங்க. வலது கைப்பழக்கம்னா இடது கையில குறிங்க.

ஸ்டெப் 1: முன்கையோட ரெண்டு எலும்பு

முழங்கையை டேபிள்ல ஊணி உள்ளங்கையை உங்க முகத்தை பாக்க வச்சுக்கோங்க. கட்டை விரல் பக்கம் இருக்கிறது ரேடியஸ், சுண்டு விரல் பக்கம் அல்னா. முழங்கை முனையில ஆரம்பிச்சு சுண்டு விரல் பக்கமா விரலை மணிக்கட்டை நோக்கி இழுத்துட்டே வாங்க, தோலுக்கு நேர் அடியில ஒரு எலும்பு விளிம்பு மணிக்கட்டு வரைக்கும் வரும், அதுதான் அல்னா. இப்ப கையை மெதுவா திருப்புங்க. அல்னா கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே இருக்க, ரேடியஸ்தான் அது மேல குறுக்க உருண்டு போகுது. புறங்கை பக்கம் சுண்டு விரல் ஓரத்துல மணிக்கட்டுல ஒரு மேடு தெரியுதே, அது மணிக்கட்டு எலும்பு இல்லைங்க, அல்னாவோட தலை.

ரெண்டு பக்கமும் எலும்போட நுனியை தொட்டு பேனாவால ஒவ்வொரு புள்ளி வைங்க. ரேடியஸ் நுனி சுமார் 1 செ.மீ. கூடுதலா விரல் பக்கமா தள்ளி இருக்கும். கையை ஊணி விழுந்து ரேடியஸ் உடைஞ்சா இந்த வித்தியாசம் குறைஞ்சிடும், சில சமயம் தலைகீழாவும் ஆகும். இந்த உடைவை டப்ளின் சர்ஜன் ஆபிரகாம் காலிஸ் 1814லயே எழுதி வச்சிட்டாரு, அப்ப எக்ஸ்ரேயே கிடையாது, தொட்டு பாத்தே கண்டுபிடிச்சிருக்காரு.

ஸ்டெப் 2: நாலு மூலை

எட்டு எலும்பு ரெண்டு வரிசை. முன்கையை ஒட்டின வரிசையில கட்டை விரல் பக்கத்துல இருந்து ஸ்கேஃபாய்டு, லூனேட், டிரைக்வெட்ரம், பிசிஃபார்ம். விரல் பக்க வரிசையில ட்ரபீசியம், ட்ரபிசாய்டு, கேப்பிடேட், ஹேமேட். எட்டையும் ஒரே நாள்ல தேடாதீங்க, நாலு மட்டும் போதும்.

மணிக்கட்டுல உள்ளங்கையை ஒட்டி ஒரு ரேகை ஓடும். அதோட சுண்டு விரல் பக்க முனையில அழுத்தினா உருண்டையா ஒரு எலும்பு சிக்கும், அது பிசிஃபார்ம். மணிக்கட்டை லேசா மடக்கி தளர விட்டா அதை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் அசைக்கக்கூட முடியும். அங்கிருந்து ஆள்காட்டி விரல் அடியை நோக்கி சுமார் 2 செ.மீ. தள்ளி கொஞ்சம் ஆழமா அழுத்துங்க. லேசா வலிக்கிற மாதிரி கெட்டியா படறது ஹேமேட்டோட கொக்கி. இனி அதே ரேகையோட கட்டை விரல் பக்கம் வாங்க, கையை கட்டை விரல் பக்கமா சாய்ச்சா அங்க ஒரு மேடு முன்னுக்கு வரும், அது ஸ்கேஃபாய்டோட முனை. அதுக்கு அடுத்தாப்ல, கட்டை விரல் அடி சதைக்குள்ள கெட்டியா இருக்கிறது ட்ரபீசியம்.

நாலுக்கும் புள்ளி வச்சு கோடு போட்டு சேருங்க. இந்த நாலு மூலைக்கும் நடுவுல ஒரு தடிச்ச பட்டை இழுத்து கட்டின மாதிரி இருக்கு, அதுக்கு அடியில இருக்கிற வழிதான் கார்பல் டனல். விரல்களை மடக்கற 9 டெண்டனும் (தசையை எலும்போட சேர்க்கிற நாண்) மீடியன் நெர்வும் (நரம்பு) அது வழியாத்தான் உள்ளங்கைக்கு போகணும். அடியில எலும்பு, மேல பட்டை, விரிய இடமே இல்ல, அதனால உள்ள கொஞ்சம் வீங்கினாலும் முதல்ல நசுங்கறது நெர்வ்தான். ராத்திரி தூக்கத்துல கை மரத்துப்போய் எழுந்து கையை உதறிக்கிறவங்க நிறைய பேருக்கு பிரச்சனை நீங்க இப்ப வரைஞ்ச இந்த சின்ன கட்டத்துக்குள்ளதான் இருக்கு.

ஸ்டெப் 3: பொடிக்குழி, இதை மட்டும் மறக்காதீங்க

கட்டை விரலை நல்லா மேல நீட்டி விறைப்பா வைங்க. மணிக்கட்டுக்கு பக்கத்துல ரெண்டு டெண்டன் எழும்பி நடுவுல முக்கோணமா ஒரு குழி விழும். மூக்குப்பொடி போடறவங்க பொடியை வச்சு உறிஞ்சுற இடம் இது, இங்கிலீஷ்ல "ஸ்னஃப்பாக்ஸ்"னு (பொடி டப்பா) பேர் வந்ததும் அதை வச்சுதான். அந்த குழிக்குள்ள விரலை வச்சு அழுத்துங்க, அடியில கெட்டியா தட்டுப்படறது ஸ்கேஃபாய்டு. மெதுவா அழுத்தி பாத்தா நாடி துடிக்கிறதும் தெரியலாம், ரேடியல் ஆர்ட்டரிங்கற ரத்தக்குழாய் இது வழியாத்தான் புறங்கைக்கு திரும்புது.

டூ வீலர்ல இருந்து விழும்போதோ பாத்ரூம்ல வழுக்கும்போதோ எல்லாரும் உள்ளங்கையைத்தான் ஊணுவாங்க. அப்ப மணிக்கட்டு எலும்புல அதிகமா உடையறது ஸ்கேஃபாய்டுதான். பெருசா வீங்காது, கை கோணலாவும் தெரியாது, முதல் நாள் எக்ஸ்ரேல கோடு தெரியாமலும் போகலாம், அதனால சுளுக்குதான்னு நினைச்சு எண்ணெய் போட்டு நீவி விட்டுடறாங்க. தயவு செஞ்சு நீவாதீங்க. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியா உள்ள வந்து பின்னாடி ஓடுது, நடுவுல உடைஞ்சா முன்கை பக்கத்து துண்டுக்கு ரத்தம் நின்னு அந்த துண்டு செத்துப்போக வாய்ப்பு இருக்கு, அப்புறம் வருஷக்கணக்குல மணிக்கட்டு வலி. விழுந்ததுக்கு அப்புறம் இந்த குழியில அழுத்தினா வலிக்குதுன்னா, எக்ஸ்ரே நார்மல்னாலும் டாக்டர்ங்க கட்டு போட்டு 10 - 14 நாள் கழிச்சு திரும்ப எக்ஸ்ரே எடுப்பாங்க, இல்லைன்னா எம்.ஆர்.ஐ. எழுதுவாங்க. நீங்க பேஷண்டா இருந்தாலும் அந்த ரெண்டாவது எக்ஸ்ரேவை விட்டுடாதீங்க.

ஸ்டெப் 4: விரலை ஆட்டுறது எது?

ஒரு கையால இன்னொரு கையோட முன்கையை இறுக்கி பிடிச்சுக்கிட்டு, பிடிபட்ட கையோட விரல்களை மட்டும் ஆட்டுங்க. முன்கையில சதை அசையறது தெரியுதா? விரலுக்குள்ள அதை மடக்கற தசைன்னு ஒண்ணு கிடையாது. பலமா மடக்கற, நீட்டுற தசையெல்லாம் முன்கையில, நுணுக்கமான வேலைக்கான சின்ன தசைங்க உள்ளங்கையில, விரலுக்குள்ள போறது டெண்டன் மட்டும்தான்.

இப்ப ஒரு டெஸ்ட். உள்ளங்கை மேல பாக்க வச்சு, மத்த விரல்களை இன்னொரு கையால நேரா அழுத்தி பிடிச்சுக்கிட்டு நடு விரலை மட்டும் மடக்குங்க. நடு மூட்டு மடங்கும், நுனி மூட்டு மட்டும் தொளதொளன்னு கிடக்கும். ஏன்னா நுனியை மடக்கற ஆழமான தசை நடு, மோதிர, சுண்டு விரலுக்கு பெரும்பாலும் சேர்ந்தேதான் இழுக்கும், மத்ததை பிடிச்சுட்டா அதால தனியா வேலை செய்ய முடியாது. அப்ப மடக்கறது மேலடுக்கு தசை. விரல் வெட்டுப்பட்டு வந்தா எந்த டெண்டன் போச்சுன்னு இதே முறையிலதான் பாக்கறாங்க.

அடுத்து, கட்டை விரலையும் சுண்டு விரலையும் நுனியில சேர்த்து மணிக்கட்டை மடக்குங்க. நடுவுல மெல்லிசா ஒரு டெண்டன் துருத்திட்டு நின்னா அது பால்மாரிஸ் லாங்கஸ். வரலையா, கவலைப்படாதீங்க, நிறைய பேருக்கு பிறவியிலேயே இல்ல, கை பலத்துல சொல்ற மாதிரி வித்தியாசமும் வராது. வேற இடத்துல டெண்டன் போனா சர்ஜன்ங்க பல சமயம் இதை எடுத்து வச்சு தைப்பாங்க.

ஸ்டெப் 5: முட்டியும் ரேகையும்

ஒரு கையில எலும்பு 27. மணிக்கட்டுல 8, உள்ளங்கையில 5, விரல்ல 14, கட்டை விரலுக்கு மட்டும் 2 துண்டு. கையை இறுக்கி மூடினா புறங்கையில தெரியற முட்டி உள்ளங்கை எலும்போட தலை. உள்ளங்கை பக்கம் விரல் ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற ரேகைதான் மூட்டுன்னு நினைச்சுடாதீங்க, நிஜ மூட்டு அதுக்கும் கீழ, உள்ளங்கையில குறுக்க ஓடற மேல் ரேகை கிட்ட இருக்கு. படம் வரையறவங்க புறங்கையில விரலை நீளமாவும் உள்ளங்கை பக்கம் குட்டையாவும் போடணும்ங்கறது இதனாலதான்.

விரலை நேரா நீட்டி விரிச்சு பாருங்க, விரியும். முட்டியில 90 டிகிரி மடக்கிட்டு விரிங்க, விரியாது. மூட்டோட ரெண்டு பக்கமும் எலும்பையும் எலும்பையும் சேர்த்து பிடிக்கிற பட்டை (லிகமெண்ட்) மடக்கும்போது இறுகிடுது. கைக்கு கட்டு போடும்போது முட்டியை மடக்கி வைக்கிறதும் இதுக்காகத்தான், நேரா வச்சு வாரக்கணக்குல விட்டா லிகமெண்ட் சுருங்கி அப்புறம் மடக்கவே வராது. கட்டை விரல் அடி மூட்டு வேற ரகம், குதிரை சேணம் மாதிரி ரெண்டு பக்கமும் வளைஞ்சது, அதான் மத்த விரல் நுனி எல்லாத்தையும் அதால தொட முடியுது.

ஸ்டெப் 6: நெர்வ்

வேற கலர் பேனா எடுங்க. உள்ளங்கை பக்கம் மோதிர விரலை நேர் பாதியா பிரிச்சு கோடு போடுங்க. கட்டை விரல் பக்கம் மூணரை விரலுக்கு தொடு உணர்ச்சி மீடியன் நெர்வ் வழியா, மீதி ஒன்றரை விரலுக்கு அல்னர் நெர்வ் வழியா. முழங்கையை எங்கயாவது இடிச்சா சுண்டு விரல் வரைக்கும் ஷாக் அடிக்குமே, அது அல்னர் நெர்வ்.

விரலை விரிக்கிற, சேர்க்கிற சின்ன தசைங்களுக்கு அல்னர்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுக்கும் நடுவுல ஒரு பேப்பரை வச்சு இன்னொருத்தரை இழுக்க சொல்லுங்க. அல்னர் வீக்கா இருந்தா கட்டை விரல் நுனி மடங்கிக்கும். தொழுநோய்ல இந்த நெர்வ் போய்த்தான், முக்கியமா மோதிர விரலும் சுண்டு விரலும், பறவை நகம் மாதிரி வளைஞ்சு நின்னுடும். கொல்லிமலையில பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, நல்லா இருக்கிற டெண்டனை இடம் மாத்தி தைச்சு அப்படிப்பட்ட கைகளை திரும்ப வேலை செய்ய வச்சாரு. விரல் குறைஞ்சு போறது நோய் சதையை தின்னுறதால இல்ல, வலி தெரியாததால சுட்டாலும் வெட்டினாலும் கவனிக்காம விட்டுத்தான்னு அழுத்தி சொன்னவரும் அவருதான்.

இது முடிஞ்சதும் வீட்டுல இன்னொருத்தரோட கையை கேட்டு வாங்கி ஸ்டெப் 2, 3 ரெண்டையும் அதுல தேடுங்க. வேலை செஞ்சு காய்ச்சுப்போன கையில பிசிஃபார்ம் கிடைக்க நேரமாகும், ஒல்லியான கையில பாத்ததுமே தெரியும். சின்ன குழந்தை கையில மட்டும் தேட வேண்டாம், பிறக்கும்போது மணிக்கட்டு எலும்பெல்லாம் பெரும்பாலும் குருத்தெலும்பாத்தான் இருக்கும், முதல்ல கேப்பிடேட்டும் ஹேமேட்டும் எலும்பாகும், பிசிஃபார்ம் கடைசி.