ஃப்ரீமான்ட்டில் மிடில் ஸ்கூல்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் யூனிஃபைட் பள்ளி மாவட்டத்தில் சென்டர்வில், ஹாப்கின்ஸ், ஹார்னர், தார்ன்டன், வால்டர்ஸ் என்று ஐந்து மிடில் ஸ்கூல்கள், அதாவது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள், இருக்கின்றன. வீட்டு முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ, பிள்ளைக்கு அந்தப் பள்ளிதான். ஐந்துக்கும் ஒரே நிர்வாகம், ஆசிரியர்களுக்கு ஒரே சம்பள அட்டவணை, பாடநூல் தேர்வும் மாவட்ட அளவில்தான். இருந்தும் ஒரு குறிப்பிட்ட பள்ளியின் எல்லைக்குள்தான் வீடு வேண்டும் என்று, தாங்க முடியாத வாடகையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அதில் நம்மவர்களும் நிறைய. அந்த முடிவை எடுக்க அவர்கள் பார்த்தது என்னவென்று கேட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு எண்.

வீடு தேடும் ஜில்லோ, ரெட்ஃபின் தளங்களில் வீட்டுப் படத்துக்குக் கீழே வரும், கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு பள்ளிகளுக்குப் போடும் மதிப்பெண்ணைச் சொல்கிறேன். 1 முதல் 10 வரை. அந்த எண்ணில் மாநிலத் தேர்வு முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வு முடிவோ பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே நகரும். அம்மா அப்பா இருவரும் மேல்படிப்பு படித்து, பிள்ளையைப் பள்ளி முடிந்ததும் கணக்கு வகுப்புக்கும் அனுப்புகிற வீடுகள் நிறைந்த பகுதியில் பள்ளியின் ஸ்கோர் உயர்வாகத்தான் இருக்கும், அதில் பள்ளி கற்றுக்கொடுத்தது எவ்வளவு, வீடு கற்றுக்கொடுத்தது எவ்வளவு என்று அந்த எண் பிரித்துக் காட்டாது.

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் பலரும் அதுவரை போவதில்லை. மாநிலத் தேர்வான காஸ்ப் (CAASPP) முடிவுகளின் இணையதளத்தில் மாணவர்களைப் பிரிவு பிரிவாகப் பார்க்கலாம்: குடும்ப வருமானம், ஆங்கிலம் கற்றுவரும் நிலை, பெற்றோரின் படிப்பு என்று. உங்கள் வீட்டைப் போன்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு பள்ளியிலும் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மொத்த எண்ணில் தெரிந்த பெரிய இடைவெளி பல நேரம் இங்கே சுருங்கிவிடும். சுருங்காமல் நின்றால், அது யோசிக்க வேண்டிய விஷயம். சிறிய பிரிவுகளில் மட்டும் கவனமாக இருங்கள், நாலைந்து பிள்ளைகள் மாறினாலே சதவீதம் ஆடும்.

அடுத்தது, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இந்தப் பள்ளிகள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஏழு, எட்டாம் வகுப்பு மட்டும் இருந்த ஜூனியர் ஹைகள். பிறகுதான் ஆறாம் வகுப்பும் வந்து சேர்ந்தது. அப்படியிருக்க, அப்போதைய மொத்த சதவீதமும் இப்போதைய மொத்த சதவீதமும் வேறு வேறு கூட்டத்தைப் பற்றியவை. பள்ளி ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று அதை வைத்துப் பேசுவதில் பொருளே இல்லை. எட்டாம் வகுப்பை எட்டாம் வகுப்போடு ஒப்பிடுங்கள். 2020-ல் கோவிட்டால் தேர்வே நடக்கவில்லை, 2021-ல் எல்லாரும் எழுதவில்லை, அந்த இரண்டு ஆண்டுகளையும் விட்டுவிடுங்கள்.

பள்ளிகளின் நிலையைக் காட்டும் மாநில இணையதளமான ஸ்கூல் டாஷ்போர்டில் சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறங்கள் இருக்கும். அந்த நிறம் இந்த ஆண்டு நிலையை மட்டும் வைத்து வருவதில்லை, போன ஆண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றமும் அதில் சேர்கிறது. ஒரே பச்சை நிறம் வாங்கிய இரண்டு பள்ளிகளில் ஒன்று இறங்கிக்கொண்டும் மற்றது ஏறிக்கொண்டும் இருக்கலாம். நிறத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் எண்ணைப் படியுங்கள். அதே இடத்தில் நாள்பட்ட விடுப்பு என்று ஒரு கணக்கும் உண்டு, பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளின் விகிதம். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போக விரும்புகிறார்களா என்பதை ஓரளவு சொல்கிற எண் அது, என்னைக் கேட்டால் தேர்வு ஸ்கோருக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன்.

கணக்கு விஷயத்தில் நேராகப் பள்ளியிடமே கேட்டுவிட வேண்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுக்க யாரை அனுமதிக்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள், நடுவில் ஒரு பிள்ளை தடுமாறினால் என்ன செய்வார்கள்? கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால், பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர் (கவுன்சிலர்) ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள். எந்த ரேட்டிங்கும் இதைச் சொல்லாது. ஒரே பள்ளிக்குள் இரண்டு கணக்கு ஆசிரியர்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசம், இரண்டு பள்ளிகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

அப்புறம், மிடில் ஸ்கூல் மூன்றே ஆண்டுதான், ஹை ஸ்கூல் நான்கு. ஹாப்கின்ஸ் என்றால் அடுத்து மிஷன் சான் ஹோசே ஹை ஸ்கூல், போட்டிக்குப் பேர்போன இடம். அந்த வேகத்தில் மலர்கிற பிள்ளைகளும் உண்டு, தூக்கம் கெட்டு வாடுகிற பிள்ளைகளும் உண்டு. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.

கடைசியாக, வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள். எல்லைகள் மாறும், விளம்பரங்கள் பழையதாக இருக்கும். அருகில் இருக்கும் நியூவார்க் நகரத்துக்குத் தனிப் பள்ளி மாவட்டமே உண்டு. மாவட்ட இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டு மிடில் ஸ்கூல், ஹை ஸ்கூல் இரண்டையும் பாருங்கள், பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்த வகுப்பில் இடம் இல்லாவிட்டால் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.