பழைய போதைப்பொருள் கேஸ் இருக்கிறதா? அமெரிக்க ராணுவத்தில் சேர என்ன செய்ய வேண்டும்

கல்லூரி நாட்களில் கஞ்சா வைத்திருந்ததாக ஒரு கேஸ். அபராதம் கட்டி, கவுன்சலிங் வகுப்புக்கும் போய், எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது அமெரிக்க ராணுவத்தில் சேர ஆசை. ஆனால் ரெக்ரூட்டர் (ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்) அலுவலகத்துக்குள் போகக் கால் வரவில்லை. இந்தப் பதிவு அந்த நிலையில் இருப்பவர்களுக்கு. சொந்தமாகப் பயன்படுத்த வைத்திருந்த சின்ன கேஸ் என்றால் வழி இருக்கிறது. அதை வேவர் என்பார்கள், அதாவது சிறப்பு விதிவிலக்கு. விற்ற கேஸ், கடத்திய கேஸ் என்றால் கதவு ஏறக்குறைய மூடியேதான் இருக்கும்.

1. கேஸ் உண்மையிலேயே முடிந்துவிட்டதா?

கோர்ட்டில் இன்னும் நடக்கிறது, புரொபேஷன் (கோர்ட் விதித்த கண்காணிப்புக் காலம்) முடியவில்லை, அபராதத்தில் பாக்கி இருக்கிறது என்றால் உங்கள் விண்ணப்பம் நகராது. முதலில் அதை முடியுங்கள். "ராணுவத்தில் சேர்ந்தால் கேஸை விட்டுவிடுகிறோம்" என்று நீதிபதி சொன்ன காலத்துக் கதைகளை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். தண்டனைக்குப் பதிலாக ராணுவம் என்று வருபவர்களை இன்றைய விதிகள் ஏற்பதில்லை.

2. காகிதங்களைச் சேருங்கள்

கேஸ் நடந்த கவுண்டியின் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில், கேஸ் எப்படி முடிந்தது என்று காட்டும் சான்றளித்த நகலைக் கேளுங்கள். இதற்கு 'டிஸ்பொசிஷன்' என்று பெயர். கூடவே போலீஸ் அறிக்கை, புரொபேஷன் முடிந்ததற்கான கடிதம், அபராத ரசீது. எஃப்.பி.ஐ.யிடம் கைரேகை கொடுத்து உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நீங்களே வாங்கிப் பார்க்கலாம். கட்டணம் 18 டாலர். இதை அவசியம் செய்யுங்கள் என்பேன். 'தள்ளுபடி ஆகிவிட்டது' என்று நீங்கள் நினைக்கும் கேஸ், உண்மையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நிபந்தனையின் பேரில் தள்ளிவைத்ததாக இருக்கலாம். ராணுவத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல.

ஃபெலனியா (பெருங்குற்றம்), மிஸ்டிமீனரா (சிறுகுற்றம்) என்பதையும் அந்தக் காகிதத்தில் பாருங்கள். ஃபெலனி தண்டனை பெற்றவரைச் சேர்க்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. தகுதியான சிலருக்கு விலக்கு தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்கு மேலிடம் வரை போக வேண்டும்.

3. கிரீன் கார்டில் இருப்பவர்கள் இங்கே நிற்கவும்

ராணுவத்தில் சேர குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. கிரீன் கார்டுக்காரருக்கு ராணுவத்தை விடப் பெரிய கவலை குடியேற்றச் சட்டம். போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை இருந்தால் நாடு கடத்தவே அது காரணமாகலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்கு மிகாத கஞ்சா, அதுவும் ஒரே ஒரு முறை என்றால் மட்டும் அதில் விலக்கு உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு புரொபேஷன் வாங்கி, பிறகு மாநிலக் கோர்ட் கேஸைத் தள்ளுபடி செய்திருந்தாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். ராணுவச் சேவை வழியாகக் குடியுரிமை கேட்கும்போதும் நன்னடத்தை பார்ப்பார்கள். ஆகவே எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

4. ரெக்ரூட்டரிடம் முழுதும் சொல்லுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். "கேஸை எக்ஸ்பஞ்ச் செய்தாச்சு, பதிவையே அழிச்சாச்சு, அப்புறம் ஏன் சொல்லணும்?" வேலைக்குப் போகும் இடத்தில் அந்த வாதம் எடுபடலாம். ராணுவத்தில் எடுபடாது. அழிக்கப்பட்டது, சீல் வைக்கப்பட்டது, சிறு வயதில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்.எஃப்-86 படிவம், போதைப்பொருள் அல்லது மது தொடர்பாக எப்போதாவது உங்கள் மீது குற்றச்சாட்டு பதிவானதா என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குக் கால வரம்பே கிடையாது. போதைப்பொருள் பயன்படுத்தியதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பொதுவாகக் கடந்த 7 வருடக் கணக்கு.

"அதை எழுதாதே, நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு ரெக்ரூட்டர் சொன்னால் வேறு ரெக்ரூட்டரைத் தேடுங்கள். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. பொய் சொல்லிச் சேர்ந்தது நிரூபணமானால், ராணுவச் சட்டத்தின் 104ஏ பிரிவின்படி 2 வருடம் வரை சிறையும் அவமதிப்பான வெளியேற்றமும் கிடைக்கலாம்.

அப்புறம் ஒன்று: பின்னணி விசாரணையில் உங்களைத் தெரிந்தவர்களிடமும் பேசலாம். வீட்டுக்குத் தெரியாத கேஸ் என்றால் நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

5. வேவர் கோப்பு

வேவரை நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. ரெக்ரூட்டர்தான் கோப்பை மேலே அனுப்ப வேண்டும். அவர் அதற்கு உழைக்கும்படி உங்கள் தரப்பு பலமாக இருக்க வேண்டும். அஸ்வாப் என்ற ராணுவ நுழைவுத் தேர்வில் 50க்கு மேல் வாங்கியவருக்காக மெனக்கெட ஆள் இருக்கும். எல்லையில் தொங்கும் மதிப்பெண்ணோடு வேவரும் வேண்டும் என்றால் கஷ்டம்.

உங்கள் விளக்கக் கடிதம் ஒரு பக்கம் போதும். என்ன நடந்தது, எப்போது, அதற்குப் பின் என்ன மாறியது. "நண்பன் பையில் இருந்தது, எனக்குத் தெரியாது" என்ற கதை போலீஸ் அறிக்கையோடு முட்டினால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். மேலாளர், ஆசிரியர், பயிற்சியாளர் என்று உங்களை உண்மையில் அறிந்தவர்களிடம் சான்றுக் கடிதம் வாங்குங்கள். சொந்தக்காரர் கடிதத்துக்கு மதிப்பில்லை.

6. மெப்ஸ் நாள்

மருத்துவப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் மெப்ஸ் என்ற ராணுவச் சேர்க்கை நிலையத்தில் நடக்கும். உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரியென்றாலும் இங்கே சரியில்லை. ராணுவம் பார்ப்பது கூட்டாட்சிச் சட்டத்தை. 2022 முதல் ஜெனிசிஸ் என்ற மின்னணு முறை வழியாக உங்கள் பழைய சிகிச்சைப் பதிவுகளும் அவர்கள் திரையில் வரலாம். போதை மறுவாழ்வு சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ரெக்ரூட்டரிடம் சொன்னதும் இங்கே சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும்.

தேர்வானாலும் பயிற்சி முகாமுக்குக் கிளம்ப சில வாரமோ மாதமோ ஆகும். வழியனுப்பு பார்ட்டிகளில் கவனம். முகாமில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே மறுபடி சிறுநீர்ப் பரிசோதனை உண்டு.

7. மறுத்துவிட்டால்

வேவர் தருவது ஒவ்வொரு படையின் தனி முடிவு. தரைப்படை மறுத்ததைக் கடற்படை ஏற்கலாம், விமானப்படை இரண்டையும் விடக் கறாராக இருக்கலாம். ஆகவே அடுத்த அலுவலகத்துக்குத் தாராளமாகப் போங்கள். முன்பு எந்தப் படையாவது உங்களை நிராகரித்ததா என்று அங்கேயும் படிவத்தில் கேட்பார்கள். ஆமாம் என்று எழுதிவிட்டு, மறுத்த தேதியையும் காரணத்தையும் அதே கோப்பில் சேர்த்துக் கொடுங்கள்.