அடைமுட்டையை வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி? முதல் முறை அனுப்புபவர்களுக்கு

சாப்பாட்டு முட்டை ஒன்றையும், சேவலோடு வளரும் தாய்க்கோழிப் பண்ணையின் அடைமுட்டை, அதாவது குஞ்சு பொரிப்பதற்கான முட்டை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் வெள்ளை என்றால் எது எது என்று சொல்ல முடியாது. அடை வைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. உடைத்தால்தான் தெரியும். கருக்கூடிய முட்டையில் மஞ்சள் கருவின் மேல் சுமார் 4 மி.மீ. அகலத்தில் வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். கருக்கூடாததில் ஓரம் ஒழுங்கில்லாத சின்னப் புள்ளி மட்டும்தான். ஆனால் உடைத்த முட்டையை யாருக்கு அனுப்புவது?

சுங்க அதிகாரிக்கும் இதே நிலைதான். பெட்டியைத் திறந்தாலும் அவர் கண்ணுக்கு அது வெறும் முட்டை. அது எப்படிப்பட்ட முட்டை என்பதை உங்கள் காகிதம்தான் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெட்டி, பேக்கிங் என்று ஆரம்பிப்பார்கள். நான் எப்போதும் சுங்க வகைப்பாட்டு எண்ணில் இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன்.

படி 1: சரியான எண்

உலகச் சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டில் ஓட்டோடு இருக்கும் பறவை முட்டை எல்லாம் 0407 தலைப்பில் வரும். அதற்குள், அடைகாப்பதற்கான கருவுற்ற கோழி முட்டைக்கு 0407.11. இந்தியாவில் எட்டு இலக்கமாக 0407 11 00 என்று எழுத வேண்டும். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பிந்தையவை அந்தந்த நாட்டுக்கு உரியவை. இந்தப் பிரிவு 2012 திருத்தத்தில்தான் வந்தது. அதனால் பழைய ஃபைலில் 0407.00 என்று பார்த்தால் அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

இதில் இரண்டு நிபந்தனை உண்டு: கருவுற்றிருக்க வேண்டும், அடைகாப்பதற்காகவும் இருக்க வேண்டும். தோட்டத்து நாட்டுக்கோழி முட்டை சேவல் சேர்ந்ததாகவே இருக்கலாம். ஆனால் சாப்பிடத்தான் போகிறது என்றால் 0407.21. அசில், கடக்நாத், பிராய்லர் என்று எந்த இனமானாலும் கோழி கோழிதான், 0407.11. வாத்து, வான்கோழி, காடை, கினிக்கோழி ஆகியவற்றின் அடைமுட்டை 0407.19-க்குப் போகும். குஞ்சாகப் பொரித்து அனுப்பினால் அது உயிருள்ள கோழி, 0105.

படி 2: வாங்கும் நாட்டின் அனுமதி

சென்னையில் இருந்து மஸ்கட்டுக்கு 3,600 முட்டை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை உங்களுடையது அல்ல, வாங்குபவருடையது. அவர் தன் நாட்டில் இறக்குமதி அனுமதி வாங்கி, அதில் உள்ள கால்நடை நல நிபந்தனைகளை உங்களுக்கு அனுப்ப வேண்டும். பறவைக் காய்ச்சல், சால்மொனெல்லா, எந்தப் பரிசோதனை, எத்தனை நாளுக்கு முன் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பரிசோதனை முட்டைக்கு மட்டும் அல்ல, முட்டையிட்ட தாய்க்கோழிக் கூட்டத்துக்கும் கேட்பார்கள். அந்தக் காகிதம் கைக்கு வருமுன் முட்டை சேர்க்கத் தொடங்காதீர்கள்.

பறவைக் காய்ச்சல் வந்தால் சில நாடுகள் மொத்த நாட்டையும் தடுக்கும், சில நாடுகள் அந்தப் பகுதியை மட்டும் தடுக்கும். 2023-இல் இந்தியா தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில் 26 பண்ணைத் தொகுதிகளை இந்த நோய் இல்லாதவை என்று அறிவித்து, உலக விலங்கு நல அமைப்பும் அதை ஏற்றது. உங்கள் பண்ணை அப்படி ஒரு தொகுதிக்குள் இருந்தால் வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

படி 3: நம் பக்கத்துப் பதிவுகள்

ஏற்றுமதியாளர் எண்ணான ஐ.இ.சி., வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான அபேடாவின் பதிவு இரண்டும் வேண்டும். நலச் சான்றிதழுக்கு சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தை அணுகுங்கள். ஏற்றுமதிக்கான சுங்க அறிவிப்பான ஷிப்பிங் பில்லை, சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் கஸ்டம்ஸ் புரோக்கர் போட்டுவிடுவார்.

படி 4: முட்டையின் கடிகாரம்

இட்ட முட்டைக்குள் ஏற்கெனவே பல்லாயிரம் செல்கள் கொண்ட உயிர் இருக்கிறது. சுமார் 20 டிகிரிக்குக் கீழே அது தூங்கும், மேலே போனால் அரைகுறையாக விழிக்கும். அதனால் சேமிப்பறையில் 15 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். ஏழு நாளுக்குள் அடை வைத்துவிட்டால் நல்லது. அதற்கு மேல் போகப்போகப் பொரிக்கும் விகிதம் குறையும். எனவே வாங்குபவர் அடை வைக்கும் தேதியைக் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வந்து சேர்ந்ததும் ஓய்வுக்கு ஒரு நாள், பயணம், சுங்கம், சான்றிதழ், சேகரிப்பு. கணக்கு ஏழுக்குள் அடங்கவில்லை என்றால் விமானத்தை மாற்றுங்கள், முட்டையைக் காக்க வைக்காதீர்கள். வெள்ளி, சனி விடுமுறை உள்ள நாட்டுக்கு வியாழன் இரவு போய்ச் சேரும் விமானத்தில் அனுப்பவே கூடாது.

படி 5: பெட்டி

புது அட்டை, புதுப் பெட்டி மட்டும். அகன்ற முனை மேலே. 30 முட்டை அட்டை 12 வைத்தால் ஒரு பெட்டிக்கு 360. நம் 3,600 முட்டைக்குப் பத்துப் பெட்டி. ஒரு முட்டை 60 கிராம் என்றால் முட்டை எடை மட்டும் 216 கிலோ. ஆனால் விமானக் கட்டணம் பெட்டியின் கன அளவை (கன செ.மீ.) 6,000-ஆல் வகுத்து வரும் கிலோ எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குப் போடுவார்கள்.

விமானச் சரக்கில் அடைமுட்டைக்கு எச்.இ.ஜி. என்ற தனிக் குறி உண்டு. அது விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லில் கட்டாயம் இருக்கட்டும். அந்தக் குறி இருந்தால்தான் உலர்பனிக்கட்டி போட்ட மீன் பெட்டிக்கும் கதிரியக்கச் சரக்குக்கும் பக்கத்தில் உங்கள் பெட்டியை வைக்க மாட்டார்கள். உலர்பனிக்கட்டி விடும் கரியமில வாயுவும் குளிரும் உள்ளே இருக்கும் உயிருக்கு ஆகாது.

படி 6: எல்லாக் காகிதத்திலும் ஒரே வரி

என் ஆரம்ப காலத்தில் ஒரு சரக்கின் இன்வாய்ஸில் "புதிய கோழி முட்டை" என்று அடித்துவிட்டேன். நலச் சான்றிதழில் "அடைகாப்பதற்கான முட்டை" என்று இருந்தது. போய் இறங்கிய இடத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தினார்கள். அதைவிடப் பெரிய அடி, உணவு முட்டை என்று நினைத்துக் குளிர் அறைக்குள் தள்ளிவிட்டார்கள். காகிதத்தைத் திருத்தி வாங்க மூன்று நாள் ஆனது. திருத்திய பின் காகிதம் சரியாகிவிட்டது, முட்டை சரியாகவில்லை.

அதனால் "அடைகாப்பதற்கான கருவுற்ற கோழி முட்டை, உணவுக்கு அல்ல" என்பதை அந்த நாடு கேட்கும் மொழியில் ஒரே சொற்களில் எழுதி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், நலச் சான்றிதழ், ஏர்வே பில், பெட்டியின் மேல் ஒட்டும் தாள் என ஐந்திலும் அப்படியே போடுங்கள். அனுப்பும் முன் ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்து, விரல் வைத்துப் படியுங்கள்.

படி 7: போய்ச் சேர்ந்த பிறகு

பெட்டியைக் குளிரில் இருந்து எடுத்து நேராகச் சூட்டுக்குள் வைத்தால் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தோடு கிருமியும் நுண்துளை வழியே உள்ளே போகும். மெல்லப் பழக்கி, அகன்ற முனை மேலே இருக்க ஒரு நாள் அசையாமல் விட்டு, அப்புறம் அடை வைக்கும் இயந்திரமான செட்டரில் 37.5 டிகிரிக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்க்கும்போது ஒன்றும் வளராமல் தெளிவாகத் தெரியும் முட்டைகளை வாங்குபவர் "எல்லாம் கூமுட்டை" என்று எறிந்துவிடுவார். எறிய வேண்டாம், சிலவற்றை உடைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் புள்ளி இருந்தால் குறை பண்ணையில், சேவலைப் பாருங்கள். வளையமோ ரத்தக் கோடோ தெரிந்து நின்றிருந்தால் அது கருக்கூடிய முட்டைதான். அப்போது சேமிப்பறையின் வெப்பக் குறிப்பையும் பயண நேரத்தையும் எடுத்துப் பாருங்கள்.