பதீத்: செய்யும்போதும் பரிமாறும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ளூர்க்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், சாப்பாட்டுக்கு வெகுநேரம் முன்பே கஹ்வா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சையும் வந்துவிடும். பல வீடுகளில் கூடவே பதீத்தும் வரும். வறுத்த கோதுமை மாவு, கொட்டை நீக்கிய பேரீச்சை, நெய், ஏலக்காய், விருப்பப்பட்டால் கொஞ்சம் சுக்கோ குங்குமப்பூவோ. அவ்வளவுதான். ஓமன், பஹ்ரைன் பக்கமும் இது உண்டு. தமிழர்கள் பலர் அங்கே வேலை பார்ப்பதால், வீட்டில் செய்து பார்க்கிறவர்களும் விருந்துக்கு அழைக்கப்படுகிறவர்களும் நம்மில் நிறையவே இருக்கிறார்கள்.

பெரிய தவறு, இதைத் தனியாகச் சாப்பிடும் இனிப்பாக நினைத்துக்கொள்வது. சர்க்கரை போடுவது, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுவது எல்லாம் அதனால்தான். கஹ்வாவில் சர்க்கரை கிடையாது. இளவறுப்பான காப்பிக்கொட்டையும் ஏலக்காயும் சேர்ந்த கசப்பு அது. அந்தக் கசப்புக்குத் துணையாக வருவதுதான் பதீத். பேரீச்சையின் இனிப்பே தாராளம். அதற்கு மேல் ஒரு கரண்டி சர்க்கரை விழுந்தாலும் இரண்டாவது வாய்க்குத் திகட்டிவிடும்.

அடுத்தது மாவு. அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டி வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சை வாசனை நிற்கும். இரண்டு கப் மாவுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். தீ குறைவாக இருக்க வேண்டும், கரண்டி நிற்கக் கூடாது. முதலில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அப்புறம் மாவு லேசாகி, கரண்டியில் ஒட்டாமல் ஓடத் தொடங்கும், மணம் கிளம்பும், நிறம் மாறும். இளம்பழுப்பு வந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டோமே என்று வாணலியிலேயே விட்டால், அந்தச் சூட்டிலேயே தீய்ந்து கசந்துவிடும். முழுக் கோதுமை மாவே சரி, மைதாவில் இந்த மணம் வராது.

பேரீச்சையிலும் கவனம் வேண்டும். கோடையில் கிடைக்கும் ருதப் என்னும் ஈரப்பழத்தை இதே அளவில் போட்டால் களி போல ஆகிவிடும். அதற்கு மாவைக் கூட்டியாக வேண்டும். தமர் என்னும் முற்றிய பழம், அதிலும் கலாஸ் போன்ற மென்மையான வகை, கைக்கு அடங்கும். பழம் காய்ந்திருந்தால் நெய்யில் லேசாகச் சூடாக்கி மசிக்கலாம். தண்ணீர் மட்டும் தெளிக்கவே கூடாது. ஈரம் சேராததால்தான் பதீத் பல நாள் கெடாமல் இருக்கிறது.

நெய்யை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசற வேண்டும். புட்டு மாவின் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிபட வேண்டும், அழுத்தினால் உதிர வேண்டும். கையில் அழுத்தி உருவம் கொடுக்கும் வீடுகளும் உண்டு, உதிரியாகவே வைக்கும் வீடுகளும் உண்டு. இறுக்கி லட்டு உருட்டினால் ஆறியதும் கெட்டியாகி அந்த உதிர்வே போய்விடும். எனக்கு உதிரிதான் பிடிக்கும்.

பரிமாறுவதில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது கோப்பை விஷயத்தில். நம் ஊரில் டம்ளர் நிறையக் காப்பி கொடுப்பதுதான் மரியாதை. அங்கே ஃபின்ஜான் என்னும் பிடியில்லாத சின்னக் கோப்பையில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தமாகிவிடும். தல்லா என்னும் கூஜாவை இடது கையில் பிடித்து, கோப்பையை வலது கையால் நீட்ட வேண்டும். முதல் கோப்பை பெரியவருக்கோ முக்கிய விருந்தாளிக்கோ போகும். ஒரு திர்ஹம் நாணயத்தில் பொறித்திருப்பது இந்தத் தல்லாவைத்தான். 2015இல் அமீரகம், சவூதி, ஓமன், கத்தார் நாடுகளின் கஹ்வா உபசரிப்பை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விருந்தாளியாகப் போகிறவர் கோப்பையைச் சும்மா திருப்பி நீட்டினால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் லேசாக ஆட்டிக் காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். பதீத்தை எடுப்பதும் வலது கையால்தான். ஒன்றுமே வேண்டாம் என்று ஒதுங்குவது அழைத்தவரைச் சங்கடப்படுத்தும். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் காரணத்தைச் சொல்லிவிட்டு கஹ்வாவை மட்டும் வாங்கிக் குடிக்கலாம்.